மோர் விற்ற ஆயர்மகளும் பாற்றெளிவின் பயணமும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆயர்மகளை நம் கண்முன் நிறுத்துகிறார். பொழுது புலரும் வேளையில் அவள் தயிர் கடைந்து வெண்ணெய் எடுக்கிறாள். எஞ்சிய மோரைப் பானையில் ஏந்திச் சென்று விற்கிறாள். மோருக்கு மாற்றாகக் கிடைத்த உணவுப்பொருளைக் கொண்டு தன் சுற்றத்தார் அனைவரையும் உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் தருவாரிடம் அப்பொன்னைக் கொள்ளாமல், எருமையும் பசுவும் இளங்கன்றுமாகப் பெற்று மீள்கிறாள்.

இக்காட்சியின் அழகினைப் பலரும் பேசியுள்ளனர். அதனுள் மறைந்து கிடக்கும் கணக்கினைப் பேசினோர் சிலரே. மோர் என்பது எச்சம். வெண்ணெய் எடுத்தபின் கலத்தில் நிற்பது. அவ்வெச்சமே அன்றாடச் சோற்றுக்கு வழி செய்கிறது. தலைமைப் பொருளாகிய நெய்யோ வீட்டுச் செலவுக்குப் போவதில்லை. அது மீண்டும் மந்தையாகிறது. பொன் பெட்டியில் கிடக்கும். கன்று வளரும், பின்னொரு நாள் பால் தரும். எச்சம் எச்சமாகாமலும் முதல் முதலாகவே நில்லாமலும் பொருள் சுழன்றுவரும் இம்முறைக்கு இன்றைய பொருளியலார் ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்று பெயரிட்டுள்ளனர். பெயர் புதிது. செயலோ பாலைக் கறந்து கலத்தில் ஊற்றிய காலந்தொட்டே இருந்து வருவது. எனினும் அச்சுழற்சி எல்லா இடத்தும் எல்லாக் காலத்தும் ஒரே தன்மையாய் ஓடவில்லை. அது பலருக்குச் சோறிட்டது; சில வேளை நோயையும் சுமந்து வந்தது; ஒருமுறை கொடுங்கோலனின் கொடிக்கும் துணை போனது. அவ்வரலாற்றுள் சில பகுதிகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பால் திரிதல்

நம் நாட்டில் பாலின் எச்சம் என்றால் மோர் நினைவுக்கு வரும். ஐரோப்பிய நாடுகளில் பாலாடைக்கட்டி செய்வதே பெருந்தொழில். அங்கே எச்சம் என்பது, பால் திரிந்து கட்டி வேறு நீர் வேறாகப் பிரியும்போது நிற்கும் இளம்பச்சை நிறத் தெளிவு. இதனை ஈண்டுப் பாற்றெளிவு எனக் குறிப்போம். வீட்டில் பால் திரிந்துபோன நாளில் நம் இல்லத்தரசியர் முகம் சுளித்து ஊற்றிவிடும் அந்த நீர்தான் அது.

பத்து லிட்டர் பசுவின்பாலில் கிடைக்கும் கட்டி ஏறத்தாழ 1 கிலோ. எஞ்சிய 9 பங்கும் பாற்றெளிவே. வெறும் நீர் எனத் தோன்றினும், பாலின் திடப்பொருளில் ஏறக்குறையப் பாதி அதனுள்ளேதான் இருக்கிறது. பாலின் சர்க்கரை முழுவதும் ஏறத்தாழ அதனோடு போய்விடுகிறது. புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கும் போகிறது. ஆகவே, கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு தெளிவைக் கொட்டுபவர் நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலை எரிப்பவர் போல்வர் என்பதுகூடப் போதாது. நெல்லிலேயே பாதியை எரிப்பவர் எனல் வேண்டும்.

இதனை இத்தாலிய உழவர் நன்கறிந்திருந்தனர். வட இத்தாலியில் பார்மா, ரெஜியோ நகரங்களைச் சூழ்ந்த பகுதியில் செய்யப்படும் பார்மிஜானோ என்னும் கட்டி நூற்றாண்டுகள் பல கடந்தது. 14-ஆம் நூற்றாண்டில் பொக்காசியோ எழுதிய ‘டெக்கமரான்’ கதைத்தொகுதியின் எட்டாம் நாளில், ஏமாளி ஒருவனுக்குச் சொல்லப்படும் பொய்யான இன்பநாட்டில், துருவிய பார்மா கட்டியாலான மலை ஒன்று வருகிறது. அம்மலை கற்பனை. அதன் அடிவாரத்துப் பொருளாட்சியோ மெய். மாலையில் கறந்த பாலை இரவு முழுதும் அகன்ற கலத்தில் வைத்து, மேலெழும் ஏட்டை எடுத்து வெண்ணெயாக்குவர். ஏடு நீங்கிய அப்பாலோடு காலைப்பாலைக் கலந்து செப்புக் கொப்பரையில் காய்ச்சுவர். உறைமோராக இடுவது முதல்நாள் எஞ்சிய பாற்றெளிவையே. அது இரவில் புளித்துக் காத்திருக்கும். நேற்றைய எச்சம் இன்றைய தொடக்கமாகிறது. ஏறத்தாழ 550 லிட்டர் பாலில் சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரம் உருவாகும். எஞ்சிய தெளிவு பன்றிக்கு உணவாகும். பார்மா நகரம் கட்டிக்கு மட்டுமன்று, உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைக்கும் பெயர்பெற்றிருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. மாட்டின் எரு புல்வெளிக்குத் திரும்ப, புல் மாட்டுக்குத் திரும்பும்.

உறைமோரை மறுநாளைக்கு எடுத்து வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. வங்காளத்தில் சானா திரிப்போரும் முன்னாள் தெளிவைப் புளிக்க வைத்து, மறுநாள் பாலைத் திரிக்க அதனையே பயன்படுத்துவது உண்டு. இரு நாட்டாரும் ஒருவரையொருவர் கேட்டுச் செய்தாரல்லர்.

பாற்றெளிவை மீண்டும் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே காய்ச்சினால் அதிலுள்ள புரதம் மென்பஞ்சுபோல் திரண்டு மிதக்கும். அதனை வழித்தெடுத்து இத்தாலியர் ‘ரிக்கோத்தா’ என்றனர். ‘மறுபடி சமைத்தது’ என்பதே அச்சொல்லின் பொருள். நார்வே நாட்டாரோ தெளிவை அடுப்பிலேயே பல மணி நேரம் சுண்டவைத்தனர். நீர் வற்ற வற்ற அதன் சர்க்கரை நிறம் மாறி, நம் பால்கோவாவுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்புப் போன்ற பழுப்புக் கட்டியாகும். 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், குட்பிராண்ஸ்டாலன் பள்ளத்தாக்கில் ஆன் ஹோவ் என்னும் பண்ணைப்பெண் அக்கொப்பரையில் பாலேட்டையும் சேர்த்துக் காய்ச்சினாள். தானிய விலை வீழ்ந்து நலிந்திருந்த அப்பள்ளத்தாக்கிற்கு அவள் செய்த கட்டி வாழ்வளித்தது என்று நார்வே மக்கள் இன்றும் சொல்வர். 2013 சனவரியில் அந்நாட்டின் சுரங்கச்சாலை ஒன்றில் 27 டன் பழுப்புக் கட்டியை ஏற்றிச் சென்ற லாரி தீப்பற்றியது. தீ நாள்கணக்கில் அணையவில்லை. கொழுப்பும் சர்க்கரையும் செறிந்த அக்கட்டி எண்ணெய்போல் எரிந்தது என்றனர். பாற்றெளிவை வெறும் நீர் என எண்ணுவோர் இச்செய்தியை நினைவிற் கொள்ளலாம்.

டென்மார்க்கில் திரும்பி வந்த பால்

சுழற்சி ஒரு வீட்டின் அளவில் நிகழ்வது எளிது. ஒரு நாட்டின் அளவில் அதனை அமைத்துக் காட்டியவர் டென்மார்க்கின் சிறு உழவர். 1870-களில் அமெரிக்காவிலிருந்தும் உருசியாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தைகளில் வந்து குவிந்தது. கோதுமை விற்று வாழ்ந்த டேனிய உழவர் திகைத்தனர். தானியத்தை விற்பதை விடுத்து, அதனை மாட்டுக்கிட்டு வெண்ணெயாக விற்பது என முடிவு செய்தனர். 1878-இல் சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் டி லாவல் பாலேட்டைச் சுழற்றிப் பிரிக்கும் பொறியை உருவாக்கியிருந்தார். பாலை இரவெல்லாம் வைத்து ஏடு எழக் காத்திருந்த காலம் போயிற்று. ஆனால் அப்பொறி ஒரு குடியானவன் வாங்கும் விலையில் இல்லை.

1882-இல் மேற்கு யூட்லாந்தில் யெடிங் என்னும் சிற்றூரில் உழவர் பலர் கூடித் தமக்குள் கூட்டுறவாக ஒரு பாற்பண்ணையைத் தொடங்கினர். அவர்கள் வகுத்த விதிகளுள் இரண்டு சிறப்பாகக் குறிக்கத்தக்கன. முதலாவது, வாக்குரிமை. எத்தனை மாடு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே; மாட்டின் தலையை எண்ணாது மனிதரின் தலையை எண்ணினர். இரண்டாவது, எச்சத்தின் உரிமை. வெண்ணெய்க்கு வேண்டிய ஏட்டை எடுத்தபின் நிற்கும் பால் பண்ணைக்கு உரியதன்று. பாலளித்தவருக்கே திருப்பித் தரப்பட்டது. காலையில் நிறைகுடமாய்ச் சென்ற கலம் அதே வண்டியில் ஆடை நீங்கிய பாலோடு வீடு திரும்பியது. அப்பால் கன்றுக்கும் பன்றிக்கும் உணவாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் இத்தகைய கூட்டுறவுகள் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் தோன்றின.

1887-இல் செருமனி டேனியப் பன்றிகளுக்குத் தன் எல்லையை மூடிற்று. உயிருள்ள பன்றியை விற்க இயலாது போகவே, அவ்வாண்டே ஹோர்சன்ஸ் நகரில் உழவர் கூட்டுறவாக இறைச்சிச்சாலை எழுந்தது. உப்பிட்ட இறைச்சி கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றது. இலண்டன் நகரத்தார் காலையுணவில் வெண்ணெயும் பன்றியிறைச்சியும் ஒரே தட்டில் அமர்ந்தன. அவ்விரண்டும் ஒரே குடத்துப் பாலின் இரு பிள்ளைகள் என்பதை உண்டவர் அறிந்திருக்கமாட்டார்.

இதுவரை சொன்னது வெற்றிக்கதை. இதற்கு மறுபக்கமும் உண்டு. பண்ணைக்கு வந்த பால் ஊரார் அனைவர் மாட்டினின்றும் வந்து ஒரே தொட்டியில் கலந்தது. கலந்த பாலே பங்கிடப்பட்டு வீடுகளுக்குத் திரும்பியது. ஒரு வீட்டு மாட்டுக்குக் காசநோய் இருப்பின், அந்நோய் திரும்பிச் செல்லும் பாலோடு ஊரிலுள்ள கன்றுகளுக்கெல்லாம் சென்று சேர்ந்தது. எச்சத்தைப் பங்கிட்ட அன்பின் ஏற்பாடே நோயைப் பங்கிடும் ஏற்பாடாகவும் ஆயிற்று. பெர்ன்ஹார்ட் பாங் என்னும் கால்நடை மருத்துவ அறிஞர் இதனைக் கண்டு எச்சரித்தார். 1898-இல் டேனிய அரசு சட்டம் இயற்றியது. உழவருக்குத் திருப்பியளிக்கும் பாலையும் மோரையும் நன்கு காய்ச்சிய பின்னரே அளிக்கவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. காய்ச்சினார்களா இல்லையா என்று எவ்வாறு அறிவது? வில்ஹெல்ம் ஸ்டார்க் என்னும் வேதியியலார் அதற்கொரு சோதனை கண்டார். பச்சைப்பாலில் உள்ள நொதி, அவர் சேர்த்த மருந்துகளோடு கூடியதும் நீலநிறம் காட்டும். நன்கு காய்ந்த பாலில் அந்நிறம் தோன்றாது. பொய் சொல்லும் நாவைப் பால் காட்டிக்கொடுத்தது.

மனிதர் பருகும் பாலைக் காய்ச்சிக் கொடுக்கவேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் வருமுன்னே, கன்றும் பன்றியும் பருகும் பாலைக் காய்ச்ச வேண்டும் என்று ஒரு நாட்டில் சட்டம் வந்துவிட்டது. கன்றுக்காகவா, கன்றால் கிடைக்கும் பணத்துக்காகவா என்று கேட்பின் விடை தெளிவு. ஆயினும் அச்சட்டம் நன்றே செய்தது.

அப்படிப்பினையை ஒரு நூற்றாண்டு கழிந்து பிரிட்டன் மறந்தது. அங்கே இறைச்சிச் சாலைகளில் எஞ்சிய எலும்பையும் ஊனையும் காய்ச்சி அரைத்த தூள், புரதம் செறிந்த மலிவான தீவனமாகக் கறவை மாடுகளுக்கு இடப்பட்டு வந்தது. எச்சம் எதுவும் வீணாகாத ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. புல் தின்னப் பிறந்த உயிருக்கு அதன் இனத்தின் எச்சமே ஊட்டப்பட்டது என்பதே கோளாறு. 1986-இல் மாடுகளிடையே மூளை நலியும் புதுநோய் ஒன்று கண்டறியப்பட்டது. ‘பைத்திய மாட்டு நோய்’ என நாளேடுகள் அதனைக் குறித்தன. 1988-இல் அத்தீவனம் மாடுகளுக்குத் தடை செய்யப்பட்டது. 1996-இல், அந்நோய் மனிதரையும் பற்றியிருக்கக்கூடும் என அரசு ஒப்புக்கொண்டது. அந்நாட்டில் 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகளிடம் நோய் உறுதிசெய்யப்பட்டது. 170-க்கும் மேற்பட்ட மனிதர் மாண்டனர். சுழற்சி என்ற சொல்லைக் கேட்டவுடனே மகிழ்ந்துவிடுவோர் இக்கணக்கையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். எது சுழல்கிறது, எதனுள் செல்கிறது என்பவற்றை நோக்காத சுழற்சி வெறும் சிக்கனமே.

கல்லாகிய பால், துணியாகிய பால், பாட்டாகிய பால்

ஏடு எடுத்த பாலில் உள்ள தலைமைப் புரதம் கேசீன். வெண்ணெய்ப் பண்ணைகள் பெருகிய நாடுகளில் ஏடு நீங்கிய பாலும் பெருகிற்று. பன்றிகள் குடித்தது போகவும் எஞ்சியது. செருமானிய நாட்டில் வில்ஹெல்ம் கிரிஷே என்னும் அச்சகத்தாரும் அடால்ஃப் ஸ்பிட்டலர் என்னும் வேதியியலாரும், பள்ளிப்பிள்ளைகள் எழுதிக் கழுவத்தக்க வெள்ளைப் பலகை ஒன்று செய்ய முனைந்து, கேசீனை ஃபார்மால்டிஹைடில் ஊறவைத்தால் அது கொம்புபோல் இறுகுவதைக் கண்டனர். 1897-இல் காப்புரிமை பெற்றனர். 1900-இல் பாரிசுப் பெருங்கண்காட்சியில் அப்பொருள் வைக்கப்பட்டது. கிரேக்க மொழியில் ‘பாற்கல்’ எனப் பொருள்படும் ‘கலாலித்’ என்பதே அதன் பெயர். எழுதுபலகை ஆகவில்லை, பொத்தானும் சீப்பும் பின்னல் ஊசியும் பேனாத்தண்டும் ஆயிற்று. யானைத்தந்தம் போலவும் கொம்பு போலவும் சாயமேற்ற முடிந்தமையால் எளியவர் சட்டையிலும் செல்வர் பொருளின் சாயல் தோன்றிற்று. இறுகுவதற்கு வாரங்கள், தடித்த துண்டாயின் மாதங்கள்கூட ஆகும். நிலநெய்யினின்று பிறந்த பிளாஸ்டிக்குகள் நிமிடங்களில் உருவாயின. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பாற்கல் மெல்ல மறைந்தது.

கல்லான பால் பின்னர் நூலாகவும் ஆயிற்று. இப்பகுதியே கவிஞர்கள் சற்று நின்று நோக்கத்தக்கது.

1935-இல் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. உலக நாடுகளின் சங்கம் இத்தாலி மீது வணிகத்தடை விதித்தது. அயல்நாட்டுப் பொருள் இன்றி வாழ்ந்து காட்டுவோம் என்று சர்வாதிகாரி முழங்கினான். கம்பளிக்கு எங்கே போவது? அந்தோனியோ ஃபெரெத்தி என்னும் வேதியியலார் ஏடு நீங்கிய பாலின் கேசீனிலிருந்து கம்பளி போன்ற இழை நூற்கும் முறையைக் கண்டிருந்தார். ‘கம்பளி’, ‘இத்தாலி’ என்னும் இரு சொற்களும் கூடிய ‘லானித்தால்’ என்னும் பெயரோடு அது சந்தைக்கு வந்தது. நூறு லிட்டர் பாலில் கிடைக்கும் கேசீன் ஏறத்தாழ இரண்டரைக் கிலோதான் என்பதை எண்ணினால், ஒரு மேற்சட்டைக்குள் எத்தனை குடம் பால் அடங்கியிருந்தது என அறியலாம்.

1909-இல் எதிர்காலவியம் என்னும் இலக்கிய இயக்கத்தை அறிக்கை விடுத்துத் தொடங்கிய ஃபிலிப்போ தொம்மாசோ மரினெத்தி, 1937-இல் இத்துணியைப் பாடினார். ‘பாலாடையின் பாட்டு’ என்றால் நமக்கு வேறு பொருள் தோன்றும். ‘பாலால் நெய்த உடையின் பாட்டு’ என்பதே அவர் இட்ட தலைப்பு. இழை செய்த பெருநிறுவனத்தின் விளம்பர நூலாக, புருனோ முனாரி என்னும் ஓவியரின் பக்க அமைப்போடு அது அச்சேறியது. பொறியின் ஓசைக்கும் வேகத்துக்கும் புதுமொழி கண்டவர் என்று இளைஞர் போற்றிய கவிஞர் அவர். பாலின் எச்சம் ஆடையாகும் விந்தை பாடத்தகாத பொருளன்று. எந்தக் கவிஞரும் அதனைக் கண்டு வியக்கலாம். எனினும் அந்த ஆடை எதற்காக நெய்யப்பட்டது என்பதைப் பாட்டிலிருந்து பிரித்தெடுத்தல் இயலாது. ஓர் எளிய நாட்டின் மீது நச்சுப்புகை வீசிய ஆட்சி, தடையைத் தாங்கி நிற்பதற்காக நெய்த துணி அது. சிக்கனமும் தற்சார்பும் தம்மளவில் நல்லனவே. அவற்றை ஏவுபவன் யார் என்று கேளாத நாவு விளம்பரப் பலகையாகிவிடுகிறது. முப்பதாண்டுக்கு முன் புதுமையின் கொடியைத் தூக்கியவர் கடைசியில் ஓர் ஆலையின் விற்பனைக்குரலாய் ஒலித்தார் என்பது இலக்கிய வரலாற்றின் துயரப் பக்கங்களுள் ஒன்று.

லானித்தால் நெடுநாள் நிற்கவில்லை. நனைந்தால் அதன் இழை வலுவிழந்தது. புளித்த பாலின் வாடை வீசியது என்பாரும் உளர். போருக்குப்பின் செயற்கை இழைகள் வந்து அதனை ஒதுக்கின.

அதே ஆண்டுகளில் பாலின் வேறோர் எச்சம் வேறொரு பணிக்குச் சென்றது. பாற்றெளிவிலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுக்கலாம் என்பது 17-ஆம் நூற்றாண்டு முதலே தெரியும். பொலோஞா நகர மருத்துவர் பார்த்தொலெத்தி அதனைக் குறித்து வைத்தார். ஓமியோபதி மருத்துவரிடம் நாம் பெறும் வெண்தூள் பொட்டலத்தில் மருந்தைத் தாங்கி நிற்பதும் இப்பாற்சர்க்கரையே. 1941 சூலையில் ஃப்ளோரி, ஹீட்லி என்னும் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் இருவர் பெனிசிலின் பூஞ்சணத்தை அமெரிக்காவின் பியோரியா நகர ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சென்றனர். அங்கே ஆண்ட்ரூ மோயர் என்பார் அப்பூஞ்சணத்திற்கு இருவகை எச்சங்களை ஊட்டினார். ஒன்று, சோளமாவு ஆலையில் தானியம் ஊறிய கழிநீர். மற்றொன்று, பாற்சர்க்கரை. பிற சர்க்கரைகளைப் பூஞ்சணம் விரைந்து தின்று தீர்த்துவிடும். பாற்சர்க்கரையை மெல்லமெல்லவே செரிக்கும். அம்மெதுவான பசியில் மருந்து மிகுதியாகச் சுரந்தது. போர்க்களத்தில் புண்பட்டோர் பலர் பிழைத்ததற்குப் பின்னே இரண்டு ஆலைகளின் கழிநீர் இருந்தது. இதனை எக்கவிஞரும் விளம்பரத்துக்காகப் பாடவில்லை.

ஆற்றில் கலந்ததும் ஆலைக்குத் திரும்பியதும்

சிறு பண்ணைகள் இருந்தவரை தெளிவைக் குடிக்கப் பன்றிகள் அருகிலேயே இருந்தன. ஆலைகள் பெருத்தபின் ஓரிடத்தில் குவியும் தெளிவைக் குடித்துத் தீர்க்க விலங்குகள் இல்லை. ஓடையிலும் ஆற்றிலும் விட்டனர். நீரிலுள்ள நுண்ணுயிர் அக்கழிவைச் சிதைக்க எவ்வளவு உயிர்வளி தேவை என்பதைக் கொண்டு மாசினை அளப்பர். வீட்டுச் சாக்கடைக்கு லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் தேவையெனின், பாற்றெளிவுக்கு 30,000 முதல் 50,000 வரை ஆகும். ஒரு லிட்டர் தெளிவு நூறு லிட்டர் சாக்கடைக்கும் மேலான சுமை. உணவாகத்தக்கது மீனைக் கொல்லும் நஞ்சாயிற்று. அதனுள் இருந்த சத்தே அதற்குக் காரணம்.

சட்டங்கள் இறுகியபின் ஆலைகள் வேறு வழி தேடின. சுவிட்சர்லாந்தில் 1952-இல் ‘ரிவெல்லா’ என்னும் குளிர்பானம் பாற்றெளிவைக் கொண்டு செய்யப்பட்டது. அயர்லாந்தின் கார்பெரி ஆலை 1978-இல் தெளிவின் சர்க்கரையைப் புளிக்கவைத்துச் சாராயம் வடிக்கத் தொடங்கிற்று. 1970-களில் நுண்துளைச் சவ்வுகள் பயன்பாட்டுக்கு வந்து, காய்ச்சிக் கெடுக்காமலே புரதத்தைப் பிரித்தெடுக்க வழி பிறந்தது. அதன்பின் நிலைமை தலைகீழாயிற்று. பன்றித்தொட்டிக்குச் சென்றது குழந்தைகளுக்கான பால்மாவுக்குள்ளும், சென்னையிலும் மதுரையிலும் உடற்பயிற்சி செய்யும் இளைஞர் பெருவிலை கொடுத்து வாங்கும் ‘வே புரோட்டீன்’ டப்பாவுக்குள்ளும் புகுந்தது.

நம் நாட்டில் இக்கதை வேறு வகையாய் அமைந்தது. இங்கே நெடுங்காலம் பேசப்பட்ட எச்சம் சாணம். இந்திய வேளாண்மையை ஆராய வந்த ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1893-இல் வெளியிட்ட அறிக்கையில், நிலத்துக்குச் சேரவேண்டிய எரு வறட்டியாய் அடுப்பில் எரிவதை எழுதினார். உழவனின் அறியாமையைப் பழியாமல், விறகில்லாக் குறையே அதன் காரணம் என்றும் அவர் உணர்ந்திருந்தார். அடுப்புக்கும் வயலுக்கும் நடந்த அவ்வழக்கில் இருதரப்பாருக்கும் பங்கு தந்தது சாண எரிவாயுக் கலம். 1950-களில் ஜஷ்பாய் பட்டேல் வகுத்த அமைப்பைக் கதர்த் துறையினர் பின்னர் நாடெங்கும் பரப்பினர். வாயு அடுப்புக்குப் போயிற்று. கரைசல் எருவாய் வயலுக்குப் போயிற்று. கலங்கள் பல கவனிப்பாரின்றிக் கிடந்தன என்பதும் உண்மை. இரண்டு மாடும் அள்ளிக் கொட்டும் கையும் இல்லாத வீட்டுக்கு அது உதவவில்லை. அண்மைக்காலத்தில் குஜராத்தின் ஆனந்த் வட்டாரத்தில், சாணக் கரைசலையும் பால்போலக் கூட்டுறவாய்த் திரட்டி விலை கொடுக்கும் முயற்சி நடைபெறுகிறது.

அதே கேடா மாவட்டத்தில் 1946-இல் பிறந்த பால் கூட்டுறவு, 1964-இல் கஞ்சரியில் தீவன ஆலை நிறுவி, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, தவிடு முதலிய ஆலை எச்சங்களைக் கறவை மாட்டுக்கு உணவாக்கியது. பால் நகருக்குச் செல்ல, தீவனம் ஊருக்குத் திரும்பிற்று. ஆனால் டேனியக் குடத்தைப்போல் ஏடு நீங்கிய பால் ஊருக்குத் திரும்பவில்லை; அது பால்மாவாகி வேறு நகரங்களுக்குச் சென்றது. தமிழகத்திலும் இவ்வாறே. முழுப்பாலும் விடியலில் சங்கத்துக்குப் போய்விட்டால் வீட்டில் கடைய ஏது? கடையாத வீட்டில் மோர் ஏது? மாடில்லாத ஏழை ஒரு செம்பை நீட்டிக் காசின்றியோ ஒருபிடி தானியத்துக்கோ பெற்றுவந்த மோர் அருகிப் போயிற்று. பால் விற்றவர் கையில் காசு வந்தது. அக்காசு பலவீட்டுப் பெண்களுக்கு முதன்முதல் சொந்த வருவாயாயிற்று என்பதையும் மறுத்தற்கில்லை. செம்போடு நின்றவர் கணக்கு எப்பேரேட்டிலும் ஏறவில்லை.

சங்கத்தில் பால் ஊற்றுவோருக்கு இரண்டு அளவுகளைக் கொண்டு விலை கணக்கிடப்படுகிறது. ஒன்று கொழுப்பு, மற்றொன்று கொழுப்பற்ற திடப்பொருள். முன்னது உருத்திரங்கண்ணனாரின் ஆயர்மகள் நெய்யாய் விற்றது. பின்னது அவள் மோராய் விற்றது. அதில் பாதிக்கு மேற்பட்டது பாற்சர்க்கரை. பசுவின்பாலில் ஏறத்தாழ எட்டரை விழுக்காடு எனக் குறிக்கப்படும் அந்த இரண்டாம் எண்ணை, விடியற்காலையில் சங்கத்து எழுத்தர் ஒவ்வொருவர் அட்டையிலும் எழுதித் தருகிறார்.